50 மில்லிகிராம் மஞ்சள் தூள்

பெரிய மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கிடங்கில் இரண்டு குப்பிகள் அருகருகே இருக்கும். இரண்டின் மேலும் ஆம்போடெரிசின் பி என்றுதான் அச்சிட்டிருக்கும். இரண்டிலும் 50 மில்லிகிராம், இரண்டும் மஞ்சள் நிறத் தூள். ஒன்றைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மற்றது 25 டிகிரிக்குள் வெளியிலேயே இருக்கலாம். ஒன்றின் விலை சில நூறு ரூபாய், மற்றதன் விலை பல ஆயிரம். கடும் பூஞ்சைத் தொற்று வந்த 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் வகையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு குப்பி போதும். இரண்டாம் வகையில் ஆறு குப்பிகூட வேண்டியிருக்கும். முதலாவது 1950-களில் பிறந்தது, இரண்டாவது 1990-களில் விற்பனைக்கு வந்தது. உள்ளே வேலை செய்யும் மூலக்கூறு ஒன்றேதான்.

இந்த மருந்தின் வரலாற்றை அன்று, இன்று என்று கோடு போட்டுப் பிரிப்பது கடினம். நம் ஊரில் அன்றும் இன்றும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. எந்தக் காலத்து மருந்து நோயாளியின் நரம்பில் ஏறும் என்பதை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. மருத்துவமனையின் இருப்பும் குடும்பத்தின் கையிருப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஆம்போடெரிசினுக்கு முந்தைய காலத்தில் பூஞ்சை என்றால் பெரும்பாலும் தோலோடு போகிற தொல்லை. படர்தாமரை, தேமல், மழைக்காலத்துச் சேற்றுப்புண், குழந்தையின் வாயில் வெண்படலம். உடலுக்குள் இறங்கிய பூஞ்சையை மருத்துவர்கள் சந்தித்தது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை மேசையில். இன்று கருப்பு பூஞ்சை என்று நாம் அறிந்திருக்கும் மியூகோர்மைகோசிஸை மனித உடலில் 1885-இல் பால்டாஃப் விவரித்ததும் அப்படித்தான்: இறந்தவரின் நுரையீரலிலும் மூளையிலும் பூஞ்சை இழைகளைப் பார்த்துவிட்டு. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளை உறையைத் தாக்கினால் பிழைத்தவர் ஏறக்குறைய இல்லை. சல்ஃபா மருந்துகள் வந்தன, பென்சிலின் வந்தது, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பாக்டீரியாவை அடக்கிய அந்த வெற்றி ஊர்வலத்தில் பூஞ்சை நோயாளிக்கு மட்டும் இடமில்லை.

காரணம் உயிரியலில் இருக்கிறது. பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அதைத் தாக்கி நம்மை விட்டுவிடும் மருந்தைக் கண்டுபிடிக்க இடம் உண்டு. பூஞ்சையின் செல் நம் செல்லுக்கு நெருங்கிய உறவு. அதற்கும் உட்கரு உண்டு, நமக்கும் உண்டு. அதன் வெளிச்சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது, நம்முடையதில் கொலஸ்டிரால். இரண்டும் உருவத்தில் மிக நெருக்கமானவை. அந்தச் சிறு வேற்றுமைக்குள் கத்தியை நுழைக்க வேண்டும்.

நுழைத்தது மண். 1940-களின் இறுதியில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஹேசன் நியூயார்க் நகரில் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்ப்பார். பூஞ்சையைத் தடுப்பது எதுவோ அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனி நகருக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பால்பண்ணை மண்ணிலிருந்து கிடைத்ததுதான் நிஸ்டாட்டின், 1950-இல் அறிவித்தார்கள். அதன் காப்புரிமை வழியாக வந்த 1.3 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மருந்தின் பெயரைவிட அந்தத் தபால் ஜாடிகள்தான் முன்னால் வருகின்றன. ஆனால் நிஸ்டாட்டினை ஊசியில் ஏற்ற முடியவில்லை, உடல் தாங்காது. வாயிலும் தோலிலும் குடலிலும் அது நின்றுவிட்டது. ரத்தத்திலும் மூளையிலும் இருந்த பூஞ்சை அப்படியே இருந்தது.

அடுத்த மண் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வெனிசுலாவில் ஓரினோகோ ஆற்றங்கரையில் எடுத்த மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோடோசஸ் என்ற பாக்டீரியா இருந்தது. ஸ்குவிப் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1955-இல் அதிலிருந்து இரண்டு பொருள்களைப் பிரித்து ஏ, பி என்று அழைத்தார்கள். பி வலிமை மிக்கது. பென்சிலினைத் தந்தது ஒரு பூஞ்சை. பூஞ்சையை வெல்லும் மருந்தைத் தந்தது ஒரு பாக்டீரியா. ஆம்போடெரிசின் தண்ணீரில் கரையாது என்பதால் பித்த உப்பு ஒன்றைச் சேர்த்துக் கலங்கலாக்கி ஊசி மருந்தாக்கினார்கள். 1950-களின் இறுதியில் அது ஃபங்கிசோன் என்ற பெயரில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. உடலுக்குள் இறங்கிய பூஞ்சையோடு பிழைத்திருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

அந்த உயிருக்கு நோயாளி கொடுத்த விலையை, அந்த மருந்தை ஏற்றிய செவிலியர்களிடம் கேட்க வேண்டும். பழைய முறையில் ஆம்போடெரிசின் ஏற்றுவது ஒரு நாள் முழுவதையும் விழுங்கும் வேலை. காலையில் முதலில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை உப்புநீர் ஏற்றுவார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையில். பிறகு குப்பியில் 10 மில்லி ஊசிநீரை வேகமாகச் செலுத்தித் தெளியும்வரை குலுக்க வேண்டும். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் புட்டியில்தான் சேர்க்க வேண்டும். பழக்க தோஷத்தில் சலைன் புட்டியில் ஊற்றிவிட்டால் மருந்து திரிந்து படிந்துவிடும், அந்தக் குப்பி வீண். புட்டியைக் கருப்புத் தாளால் சுற்றி வெளிச்சம் படாமல் தொங்கவிடுவார்கள். முதல் நாள் என்றால் ஒரு மில்லிகிராம் மட்டும் கலந்து சோதனையாக ஏற்றி, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பார்கள். அது ஒத்துக்கொண்டால் மீதி, நான்கு முதல் ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக.

முதல் மணி நேரம் கடந்ததும் பல நேரங்களில் நடுக்கம் தொடங்கும். மலேரியாவின் குளிர் போல் அல்லாமல் அதைவிட மூர்க்கமாக, கட்டிலே ஆடும்படி உடல் தூக்கிப்போடும். பல் கிட்டும். "சிஸ்டர், அப்பாவுக்கு உதறுது" என்று கூட இருப்பவர் ஓடிவருவார். சொட்டை நிறுத்தி, பெத்திடின் ஊசி போட்டு, கம்பளி போர்த்தி, நடுக்கம் அடங்கியதும் மறுபடி திறந்துவிடுவார்கள். நடுக்கம் போனால் காய்ச்சல். காய்ச்சலுக்கு முன்கூட்டியே பாராசிட்டமால், ஒவ்வாமை மருந்து, ஹைட்ரோகார்ட்டிசோன். சொட்டு ஏறிய நரம்பு வீங்கிச் சிவக்கும், அடுத்த நாள் வேறு நரம்பு தேட வேண்டும். மறுநாள் இதே வரிசை. அதற்கு மறுநாளும். இப்படி வாரக்கணக்கில்.

பழைய மருத்துவர்கள் நாள்களைவிட மொத்த அளவைத்தான் எண்ணினார்கள். ஒன்றரை கிராம், இரண்டு கிராம் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்றால் இரண்டு கிராமுக்கு 40 நாள். நடுவில், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். ஏறினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இல்லை இரண்டு நாள் நிறுத்தம். பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரோடு வடிந்துபோகும். அவற்றைத் தனியே ஏற்ற வேண்டும், பொட்டாசியத்தைக் கவனிக்காவிட்டால் இதயம் தாளம் தப்பும். ரத்தம் குறையும். பூஞ்சை தோற்கிறதா, சிறுநீரகம் தோற்கிறதா என்று இரண்டையும் ஒரே தாளில் நாள்தோறும் எழுதிப் பார்த்த காலம் அது. குணமாகி வீடு திரும்பியவர்களில் சிலர் சேதமான சிறுநீரகத்தோடு திரும்பினார்கள்.

எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொள்ளும் மருந்து, ஆள் மாறாட்டத்தில் கொலஸ்டிராலையும் கொஞ்சம் பற்றிக்கொள்கிறது என்பதே இத்தனைக்கும் அடிப்படை. அந்த மாறாட்டம் அதிகமாக நடந்த இடம் சிறுநீரகம். மூலக்கூறை மாற்றுவது அன்று எளிதாக இல்லை. பெரிய, சிக்கலான வளையம் அது. ஆய்வகத்தில் முழுக்கச் செயற்கையாக அதைக் கட்டி முடித்தது 1987-இல்தான், வேதியியலாளர் நிக்கோலாவின் குழு. அதனால் மூலக்கூறைத் தொடாமல் அதன் போர்வையை மாற்றினார்கள்.

போர்வைக்கான யோசனை மருந்துத் துறையிலிருந்து வரவில்லை. 1960-களில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்கு அருகே பேப்ரஹாமில், அலெக் பாங்கம் என்பவர் செல்களின் சவ்வைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தார். கொழுப்புப் பொருள் தண்ணீரில் தானாகவே நுண்ணிய கோளங்களாக மூடிக்கொள்வதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தக் கோளம்தான் லைபோசோம். ஹூஸ்டனில் லோபஸ்-பெரெஸ்டைன் குழு ஆம்போடெரிசினை இந்தக் கொழுப்புக் கோளத்தில் ஏற்றி, பூஞ்சை தாக்கிய புற்றுநோயாளிகள் 12 பேருக்குக் கொடுத்து 1985-இல் முடிவை வெளியிட்டது. ஆம்பிசோம் என்ற லைபோசோமல் மருந்து 1990-இல் ஐரோப்பாவிலும் 1997-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கோளத்தின் விட்டம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. அது ரத்தத்தில் மிதந்து போய்ப் பூஞ்சையின் சுவரில் ஒட்டி அங்கே மருந்தை விடுகிறது. வழியில் சிறுநீரகத்துக்குச் சிந்துவது குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கு 1999-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல அளவுகோல். வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் விடாத 687 நோயாளிகள். பழைய வடிவம் பெற்றவர்களில் 54.4 சதவீதத்தினருக்குக் குளிர் நடுக்கம். புதிய வடிவத்தில் 18.4 சதவீதம். சிறுநீரகப் பாதிப்பு பழையதில் 33.7 சதவீதம், புதியதில் 18.7. மொத்த சிகிச்சை வெற்றியில் இரண்டும் ஏறக்குறைய சமம். அதாவது புதிய போர்வை பூஞ்சையின் மீது மருந்தைப் பெரிதாகக் கூர்மையாக்கவில்லை. மனிதரிடமிருந்து அதை விலக்கி வைத்தது.

புதிய முறையில் செவிலியரின் கை வேலையும் மாறிவிட்டது. குப்பியில் 12 மில்லி ஊசிநீர், அரை நிமிடம் பலமாகக் குலுக்கல், ஒளி ஊடுருவும் மஞ்சள் கலவை. அதை நுண் வடிகட்டி வழியாக டெக்ஸ்ட்ரோஸில் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். சலைன் இதற்கும் ஆகாது. அந்த ஒரு விதி மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. கம்பளியும் பெத்திடினும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நோயாளி பேசிக்கொண்டும் செய்தித்தாள் படித்துக்கொண்டும் இருக்கும்போதே சொட்டு முடிந்துவிடுகிறது. பழைய மருந்தைப் பார்த்தவர்களுக்கு இது சாதாரண மாற்றமாகத் தெரியாது.

ஆனால் இரண்டு வடிவங்கள் ஒரே பெயரில் உலவத் தொடங்கியதும் புதிய ஆபத்து ஒன்று வந்து சேர்ந்தது. பழையதன் அளவு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. புதியது கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து. புதியதன் அளவைக் கணக்கிட்டுப் பழையதை ஏற்றினால் உயிர் தங்காது. 2007-இல் பிரிட்டனில் இந்த மாறாட்டத்தால் இரண்டு புற்றுநோயாளிகள் இறந்தார்கள். அதன் பிறகு அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு அவசர எச்சரிக்கை போனது. மருந்துச் சீட்டில் வெறும் ஆம்போடெரிசின் என்று எழுதி நிறுத்துவது அன்று முழுமையான குறிப்பு. இன்று அது உயிருக்கு ஆபத்தான அரைகுறை.

இதற்கிடையில் வேறு மருந்துகளும் வந்துவிட்டன. இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் ஆய்வகத்தில் உருவான ஃப்ளூகோனசோல் 1990-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஊசியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கும், சிறுநீரகத்தைப் படுத்தாது. 2002-இல் வோரிகோனசோல், நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் நோயில் பழைய ஆம்போடெரிசினோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது வென்றது: 12 வாரத்தில் உயிரோடு இருந்தவர்கள் 70.8 சதவீதம், பழையதில் 57.9. அதற்கு ஓராண்டு முன் வந்த காஸ்போஃபங்கின், ஸ்பெயினில் லோசோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்தே பிறந்தது. அது தாக்குவது பூஞ்சையின் செல்சுவரை. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது என்பதால் ஆள் மாறாட்டத்துக்கு இடம் மிகக் குறைவு. கேண்டிடா என்ற பூஞ்சை ரத்தத்தில் கலந்தால் இன்று பெரும்பாலும் இந்த வகை மருந்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஆம்போடெரிசின் பல இடங்களில் பின்வரிசைக்குப் போய்விட்டது. ஆனால் மியூகோர்மைகோசிஸில் அதை விட முடியவில்லை. ஃப்ளூகோனசோலும் வோரிகோனசோலும் காஸ்போஃபங்கினும் அந்தப் பூஞ்சையிடம் செல்லாது.

இந்த வசதிகளோடு ஒன்று கை நழுவியது என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்தே பயமுறுத்திய காலத்தில் மருத்துவர் அதைத் தொடும் முன் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. திசு எடுத்து, நுண்ணோக்கியில் இழையைப் பார்த்து, வளர்ப்புச் சோதனைக்குக் காத்திருந்து, பூஞ்சைதான் என்று தேறிய பிறகு தொடங்க முயல்வார்கள். அவகாசம் இல்லாத நோயாளிக்கு மட்டும் துணிந்து முன்பே ஏற்றுவார்கள். மருந்து மென்மையானதும் அந்தத் தயக்கம் தளர்ந்தது. ஃப்ளூகோனசோல் மாத்திரை இன்று மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும் பொருளாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவும் கேண்டிடா ஆரிஸ் 2009-இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து முதலில் விவரிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே இந்திய மருத்துவமனைகளிலும் காணப்பட்டது. அதன் பெரும்பாலான வகைகளுக்கு ஃப்ளூகோனசோல் பலிப்பதில்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 19 பூஞ்சைகள். முதல் வரிசையில் கேண்டிடா ஆரிஸும் உண்டு.

நோயாளியும் மாறிவிட்டார். அன்று உடலுக்குள் இறங்கிய பூஞ்சை அபூர்வ நோய். இன்று சிறுநீரகம் மாற்றியவர், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், குறைமாதக் குழந்தை, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் கிடப்பவர் என்று மருத்துவம் முன்னேறிக் காப்பாற்றிய ஒவ்வொருவரும் பூஞ்சைக்கு இடம் தருகிறார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் இவர்களில் பலர் பூஞ்சை வரும்வரை உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் இந்தப் பட்டியலின் தலையில் சர்க்கரை நோயாளி நிற்கிறார். கட்டுக்கடங்காத சர்க்கரையில் மியூகோர் செழிக்கும். இந்தியாவில் அந்த நோய் உலகின் பிற பகுதிகளைவிடப் பல மடங்கு அதிகம்.

2021 கோடையில் இது எல்லார் வீட்டுக்கும் தெரிந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை, அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு, அதனால் எகிறிய சர்க்கரை. கன்னம் மரத்துப்போகும், ஒரு பக்கம் மூக்கடைக்கும், கண் வீங்கி இமை தொங்கும், மேலண்ணம் கருக்கும். மூக்கு வழியாக அழுகிய திசுவைச் சுரண்டி எடுக்க வேண்டும், சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டும், கூடவே ஆம்போடெரிசின். மே மாதத்தில் தமிழ்நாடு இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூன் இறுதியில் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆண்டு முழுவதும் சிறிய அளவில் விற்ற ஒரு மருந்து ஒரே மாதத்தில் நாடு முழுவதும் தேவைப்பட்டது.

60 கிலோ உடலுக்குக் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் என்றால் நாளுக்கு ஆறு குப்பி. மூன்று வாரத்துக்கு 126 குப்பி. ஒரு குப்பி ஐயாயிரம் ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சத்து முப்பதாயிரம். அந்தப் பணம் இருந்தவர்களுக்கும் மருந்து கிடைக்கவில்லை. உறவினர்கள் மருந்துச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி ஊர் ஊராகக் கேட்டார்கள்; கள்ளச் சந்தையில் விலை ஏறியது. அரசு புதிதாகச் சில நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, ஜூன் 12-இல் ஜிஎஸ்டி மன்றம் வரியை நீக்கியது. மருந்து போதாதபோது இளம் வயதினருக்கு முன்னுரிமை தருவது பற்றிக் கொள்கை வகுக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மாதத் தொடக்கத்தில் ஒன்றிய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று நீதிபதிகள் பேச நேர்ந்த நாள் அது.

அப்போது பல மருத்துவமனைகள் கையில் இருந்த பழைய குப்பியைத் திறந்தன. லைபோசோமல் வடிவத்துக்கு மூலக்கூறோடு மிகத் தூய கொழுப்புப் பொருள்களும் நுட்பமான தயாரிப்பு முறையும் வேண்டும். நினைத்த மாத்திரத்தில் பெருக்க முடியாது. பழையதைப் பெருக்குவது அதைவிட எளிது. முதலில் உப்புநீர், பிறகு டெக்ஸ்ட்ரோஸ், ஆறு மணி நேரச் சொட்டு, நாள்தோறும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் என்று 1970-களின் நடைமுறை மறுபடி உயிர்பெற்றது. சர்க்கரையால் முன்பே சிறுநீரகம் நொந்திருந்தவர்களுக்கு அது கடும் சோதனை. ஆயினும் அந்த மலிவான மருந்து இல்லாதிருந்தால் பலருக்கு எதுவுமே இருந்திருக்காது. பழைய மருந்தைப் பாதுகாப்பாக ஏற்றுவது ஒரு தனிக் கைப்பழக்கம். நடுக்கம் வருமுன் முகத்தைப் பார்த்தே கணிக்கத் தெரிந்த மூத்த செவிலியர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். செவிலியர் பாடத்திலும் மருத்துவர் பயிற்சியிலும் அதை விடாமல் கற்றுத்தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதிய வடிவத்தின் மிகப் பெரிய வெற்றியைப் பார்க்க பிகாரின் முசாஃபர்பூருக்குப் போக வேண்டும். அங்கே எதிரி பூஞ்சை இல்லை. மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய். அந்த ஒட்டுண்ணியின் சவ்விலும் எர்கோஸ்டெரால் உண்டு என்பதால் அதே மருந்து வேலை செய்கிறது. பழைய முறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 15 ஊசி, 29 நாள் மருத்துவமனை. பிகாரின் கூலித் தொழிலாளிக்கு அது ஒரு மாத வருமானம் போய், கூட இருப்பவரின் வருமானமும் போய், கடனில் முடியும் கணக்கு. ஷியாம் சுந்தர் தலைமையிலான குழு லைபோசோமல் மருந்தைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை ஏற்றிப் பார்த்தது. 2010-இல் வெளியான முடிவு: ஆறு மாதம் கழித்துக் குணமாகியிருந்தவர்கள் ஒற்றை டோஸில் 95.7 சதவீதம், 29 நாள் முறையில் 96.3 சதவீதம். ஒரு மாதம் ஒரு நாளாகச் சுருங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழியே கொடையாக வரும் மருந்து அங்கே இலவசமாகவே ஏற்றப்படுகிறது. வீடுகளில் பூச்சிமருந்து தெளிப்பும் சேர்ந்து, 2007-இல் 44,000-ஐத் தாண்டியிருந்த இந்திய நோயாளிகளின் எண்ணிக்கை இப்போது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவிலும் அதே திசை. எச்ஐவி நோயாளிகளின் மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸுக்குப் பழைய மருந்தை இரண்டு வாரம் ஏற்றினார்கள், பிறகு ஒரு வாரமாகக் குறைத்தார்கள். போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. லைபோசோமல் மருந்து ஒரே டோஸ், அதோடு இரண்டு வாரம் மாத்திரைகள். பத்து வாரத்தில் இறந்தவர்கள் 24.8 சதவீதம். பழைய மருந்தை ஒரு வாரம் ஏற்றியவர்களில் 28.7 சதவீதம். உயிர்ப்பலி இன்னும் அதிகம்தான். ஆனால் ஒரு வாரச் சொட்டு, நடுக்கம், சிறுநீரகச் சேதம் எல்லாம் ஒரு நாளோடு தீர்ந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. இதற்கு முன்பே, 2018-இல், தயாரிப்பாளரான கிலியட் நிறுவனம் இந்த நோய்க்காக 116 நாடுகளுக்குக் குப்பி ஒன்று 16.25 டாலர் என்று விலையைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. அறிவித்த விலையில் மருந்து சிற்றூர் மருத்துவமனைவரை போய்ச் சேர்வது தனிப் போராட்டம்.

மூலக்கூறை மாற்றுவது கடினம் என்ற நிலையும் இப்போது தளர்கிறது. செல்லின் சவ்வில் மருந்து ஓட்டை போடுகிறது என்று அரை நூற்றாண்டாகப் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. அது எர்கோஸ்டெராலைப் பஞ்சுபோல் உறிஞ்சி எடுப்பதுதான் முக்கியம் என்று இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பர்க் குழு காட்டியது. அதை வைத்துக்கொண்டு, கொலஸ்டிராலை விட்டுவிட்டு எர்கோஸ்டெராலை மட்டும் உறிஞ்சும்படி மூலக்கூறைச் செதுக்கி 2023-இல் அறிவித்தார்கள். எலிகளின் சிறுநீரகம் தப்பியது. மனிதரில் தொடக்கநிலைச் சோதனை தொடங்கியிருக்கிறது. மறுபக்கம், கடந்த பத்தாண்டில் உலகின் பெரிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் அனுமதித்த புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லியிருக்கிறது. இரண்டு பெண்கள் தபாலில் ஜாடி அனுப்பிக்கொண்ட காலத்தின் வேகம் இப்போது இல்லை.

காலா அசாருக்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் கிடைத்த ஒற்றை டோஸ் கருப்பு பூஞ்சைக்குக் கிடையாது. ரத்த ஓட்டம் செத்துப்போன திசுவுக்குள் பூஞ்சை ஒளிந்திருப்பதால் அறுவை சிகிச்சையும் வாரக்கணக்கான மருந்தும் இன்றும் தேவை. கொரோனா அலை ஓய்ந்த பின்னும் சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நோய் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களின் குடும்பம் மருத்துவரிடம் முதலில் கேட்பது எத்தனை குப்பி என்பதைத்தான். எந்த வகைக் குப்பி என்பது அந்தப் பதிலைக் கேட்ட பிறகு முடிவாகிறது.